மண் கரைக்காத பிள்ளை

அன்று பள்ளித் தோட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். என் தம்பி ஸீஸிஸ், அவன் மனைவி பொலிக்செனி, எங்கள் தங்கை எஃப்தாலியா, எங்கள் ஊர்ப் பாதிரியார் நிகிஃபோரோஸ், நாவும் என்ற பள்ளி ஏவலாள், பிறகு எங்கள் வீட்டுக்கு மூத்தவனான நான், அப்போஸ்டோலிஸ். ஏழாவது ஆள் இல்லை. தானும் அங்கே நின்றதாகப் பின்னாளில் சொன்னவர்களை வரிசையாக நிறுத்தினால் அந்தத் தோட்டம் கொள்ளாது. சுவருக்கு வெளியே ஒரு கோவேறு கழுதை நின்றது. வேண்டுமானால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அது பொய் சொல்லாது.

ஸீஸிஸின் ஒரே மகன் லாம்ப்ரோஸின் எலும்புகளை எடுத்துப்போக வந்திருந்தோம்.

போர் முடிந்து ஜெர்மானியர்கள் கிரேக்க நாட்டைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்ரூட் உதிரும் காலம். பட்டணத்து உயர்நிலைப்பள்ளி போரின்போது ஆஸ்பத்திரியாக இருந்தது. பிறகு இத்தாலியர்கள் அதில் குதிரை கட்டினார்கள். அவர்களுக்குப் பின் ஜெர்மானியர்கள் பெஞ்சுகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். இப்போது அது மறுபடி பள்ளியாகப் போகிறது. தோட்டத்தில் புதைத்திருக்கும் சிப்பாய்களின் எலும்புகளை உறவினர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், யாரும் வராதவர்களை மதிலோரம் ஒரே குழியில் இட்டு மூடிவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் ஊர் கரித்யாவிலிருந்து பட்டணத்துக்குக் கணவாய் வழியாக முழுப் பகல் நடை. கழுதையின் ஒரு பக்கம் நான் செய்வித்த சைப்ரஸ் மரப் பெட்டி, மறுபக்கம் ஒரு தோல்பை நிறையச் சிவப்பு ஒயின். பொலிக்செனி கீரை வைத்த அடை சுட்டு எடுத்துவந்திருந்தாள். ஊற்றடியில் உட்கார்ந்து தின்றோம். ஸீஸிஸ் தின்னவில்லை.

"ஒரு வாய் தின்னு அண்ணே. மம்பட்டி பிடிக்கணும்ல," என்றாள் எஃப்தாலியா.

"பசியில்ல."

"கழுதைக்குப் பசிச்சா நின்னுரும். உனக்குப் பசிச்சா நடக்குறே. ரெண்டுல எது கழுதைன்னு எனக்கே தெரியல."

வேறொரு நாளாக இருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். பேச்சில் அவனை மடக்க எங்கள் பக்கம் ஆள் கிடையாது. அந்த வாயால்தான் இவ்வளவும்.

எங்கள் குடும்பத்தில் உயர்நிலைப்பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் லாம்ப்ரோஸ். ஸீஸிஸ் கோவேறு கழுதைகள் வைத்துச் சரக்கு ஓட்டுகிறவன். உப்பும் மண்ணெண்ணெயும் மலைக்கு மேலே போகும், கம்பளியும் பாலாடைக்கட்டியும் கீழே வரும். பையன் பட்டணத்தில் ஒரு விதவையின் வீட்டில் அறை எடுத்துத் தங்கிப் படித்தான். வாராவாரம் அவனுக்கு ஒரு சாக்கு போகும். அதில் சோளரொட்டி, பீன்ஸ், வெங்காயம், புளித்த கோதுமை நொய், குளிர்காலத்தில் கொஞ்சம் விறகு. சாக்கைக் கொடுக்க ஸீஸிஸ் பள்ளி வாசல்வரைதான் போவான். உள்ளே போகமாட்டான்.

"உள்ள வாங்கப்பா, தலைமையாசிரியர் ஒண்ணும் கடிக்கமாட்டாரு," என்பான் பையன்.

"என்மேல கழுதை நாத்தம் அடிக்கும்டா. இன்னைக்கு என்ன படிச்சே?"

"பழைய கிரேக்கம். நூறு வினைச்சொல்."

"செத்துப்போனவன் பேசுன பேச்சு உனக்கு எதுக்கு?"

"உயிரோட இருக்குறவங்க பேச்சக் கேக்காம இருக்கத்தான்."

ஸீஸிஸ் அதை ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். பையனின் தொப்பியில் பள்ளி முத்திரையான பித்தளை ஆந்தை இருக்கும். விடுமுறைக்கு வரும்போது அந்தத் தொப்பியை ஸீஸிஸ் தானே துடைத்து, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டுவான். காப்பிக்கடையில் உட்கார்ந்தால், "அடுத்த கோடையில எம்மவன் கையில சான்றிதழ் இருக்கும். அப்புறம் அவன் பேனா பிடிப்பான், கடிவாளம் பிடிக்கமாட்டான்," என்பான். கேட்டுக் கேட்டு எங்களுக்கே அலுத்துவிட்டது.

பையன் கடைசி வகுப்பில் இருக்கும்போது இத்தாலியர்கள் எல்லையைத் தாண்டினார்கள். அன்றே பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். ஸீஸிஸின் கழுதைகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அவற்றை ஓட்ட அவனையும் எடுத்துக்கொண்டது. லாம்ப்ரோஸ் ஊருக்கு வந்தான். வந்தால் வீட்டில் அம்மா இல்லை.

பனி விழுந்து கழுதை ஏற முடியாத இடங்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள்தான் பீரங்கிக் குண்டுகளைச் சுமந்தார்கள். குண்டுப் பெட்டியை முதுகில் வைத்துக் கயிற்றைத் தோளில் குறுக்காக இழுத்துக் கட்டி, ஒருத்தி காலடியில் அடுத்தவள் கால்வைத்து மேலே போவார்கள். இறங்கும்போது காயம்பட்டவர்களைச் சுமந்து வருவார்கள். பொலிக்செனி வீடு திரும்பி மேலாடையைக் கழற்றியபோது கயிறு பதிந்த இடம் இரண்டு தோளிலும் புண்ணாக இருந்தது. எஃப்தாலியா வெண்ணெய் தடவினாள். பையன் அதைப் பார்த்தான். மறுநாள் அவனும் பெண்களோடு போனான். மலைப்பாதை தெரிந்தவன் என்பதால் பட்டாளத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கும் ஆட்களோடு அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பனும் மகனும் பட்டணத்துச் சதுக்கத்தில் எதிர்ப்பட்டார்கள். நான் கம்பளிப் போர்வைகள் ஒப்படைக்க வந்திருந்தேன், அதனால் இதையும் கண்ணால் பார்த்தேன். பையன் தலையில் பள்ளித் தொப்பி, கையில் பட்டாளத்துப் பட்டை. ஸீஸிஸ் கழுதைகளை அப்படியே விட்டுவிட்டு வந்தான்.

"என்னடா இது வேசம்?"

"அல்பேனியாப் பக்கம் போறோம்பா. தூக்குற ஆள் பத்தல."

"உன் வயசுக்கு யாரும் உன்னைக் கூப்பிடல. வீட்டுக்குப் போ. பள்ளிக்கூடம் நாளைக்கே திறந்தாலும் திறப்பாங்க."

"அம்மா தோளப் பாத்தீங்களா?"

"அவ தோளப் பத்தி நீ எனக்குச் சொல்லாதே."

"அம்மா சுமக்குறா, நான் அடுப்பு முன்னால உக்காந்து வினைச்சொல் உருப்போடவா? எங்க வகுப்புல பாதிப்பேர் போயாச்சுப்பா."

"அவனுகளுக்கு வீட்டுக்கு அஞ்சு பிள்ள. எனக்கு நீ ஒருத்தன்டா! போகக்கூடாதுன்னா போகக்கூடாது."

"போறேன்பா." பையன் அப்பன் கையை முத்தமிடக் குனிந்தான். ஸீஸிஸ் கையை உதறினான்.

"போ. போனா, மண்ணு உன்னைக் கரைக்காமப் போகட்டும்!"

சுற்றி நின்ற கழுதைக்காரர்கள் எல்லோரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். எங்கள் மலைகளில் திட்டுக்குப் பஞ்சமில்லை. கழுதையைத் திட்டுவோம், மழையைத் திட்டுவோம், வரிக்காரனைத் திட்டுவோம். ஆனால் இந்த ஒன்றைப் பெற்றவர் வாய் சொல்லாது. புதைத்த உடல் கரைந்து எலும்பு தேன்மெழுகு நிறத்தில் சுத்தமாக வந்தால் ஆன்மா இளைப்பாறிவிட்டது என்று அர்த்தம். கறுத்து, கரையாமல் வந்தால் யாரோ இட்ட சாபம் அவனைப் பிடித்திருக்கிறது. அதிலும் பெற்றவர் இட்டதென்றால் பாதிரியாரே தயங்குவார்.

சொன்ன கணமே ஸீஸிஸின் முகம் மாறியது. கூப்பிட வாயைத் திறந்தான். படை நகரத் தொடங்கிவிட்டது. ஆந்தைத் தொப்பி கூட்டத்துக்குள் போய்விட்டது.

ஜனவரியில், பனியில் கால்கள் கறுத்துப்போன பையனைக் கழுதை முதுகில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அது ஸீஸிஸின் கழுதை இல்லை. அவன் அப்போது வேறு பள்ளத்தாக்கில் இருந்தான். பையனைக் கிடத்திய ஆஸ்பத்திரி அவனுடைய பள்ளி. அந்த அறை அவனுடைய வகுப்பறை. கணைக்காலுக்குக் கீழே இரண்டையும் எடுத்தார்கள். விஷம் ஏறிவிட்டது. கணவாயைப் பனி மூடியிருந்ததால் பொலிக்செனிக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. கண்ணை மூடிவிட்டவன் ஏவலாள் நாவும். மணி அடிக்கிற, பெஞ்சு துடைக்கிற நாவும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பன் பேசவில்லை, ஆத்தாளும் பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே மேசையில் தின்றார்கள். மூன்று வருடம் கழிந்ததும் எலும்பு எடுப்பது எங்கள் வழக்கம். அந்தக் காலம் வந்தபோது, "ஜெர்மன்காரன் இருக்கான், வழி சரியில்ல," என்றான் ஸீஸிஸ். அது உண்மைதான். ஜெர்மன்காரன் போன பிறகும், "கழுதைக்குக் கால் சரியில்ல," என்றான். அது உண்மையில்லை.

நாவும் எங்களுக்காகத் தோட்டத்தில் காத்திருந்தான். சிலுவைகள் ஒன்றுகூட இல்லை.

"பஞ்சத்துக் குளிர்ல எரிச்சுட்டாங்கய்யா. யாருன்னு கேக்காதீங்க, எல்லாரும்தான். ஆனா இடம் எனக்குத் தெரியும். மாதுளைச் செடிக்கு நேரே. தரை கல்லா உறைஞ்சிருந்துச்சு, தோண்ட முடியல. அதான் ரெண்டு பேர ஒரே குழியில வச்சோம்."

"ரெண்டு பேரா?" என்றேன்.

"கூட ஒரு கிரீட் தீவுப் பையன். அதே அறையில, பக்கத்துக் கட்டில். அவனுக்கும் கால் போச்சு. அதுக்கு முன்னால பனியே பாத்ததில்லையாம். எல்லாரையும் சம்பந்தி, சம்பந்தின்னு கூப்பிடுவான். டாக்டரையும் சம்பந்தி. கால எடுக்க வந்தவரப் பாத்தும், 'சம்பந்தி, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையி'ன்னான். பேரு மறந்துபோச்சு. அவனத் தேடி யாரும் வரல."

பாதிரியார் தூபம் போட்டு மன்றாட்டுச் சொன்னார். ஸீஸிஸ் மண்வெட்டியை எடுத்தான். இடுப்பளவு போனதும் பெண்கள் இறங்கினார்கள். அதற்குமேல் கையால் தோண்டுவது பெண்களின் வேலை. மண்ணைத் தள்ளிக்கொண்டே, அழுது, பிள்ளையைப் பெயர்பெயராகக் கூப்பிட்டார்கள். "என் சைப்ரஸே, என் படிச்ச பிள்ளையே, உன் தொப்பி ஆணியில தொங்குதே," என்று பொலிக்செனி பாடினாள். பட்டாளம் பையனின் துணிமணிகளோடு அந்தத் தொப்பியைத் திருப்பி அனுப்பியிருந்தது.

முதலில் வந்தது சுத்தமான தலை. விரலால் மண்ணைத் தள்ளியதும் தேன்மெழுகு நிறம் தெரிந்தது. எஃப்தாலியா, "கடவுளுக்குத் தோத்திரம்!" என்று கத்திவிட்டாள். ஸீஸிஸ் குழி விளிம்பில் முழங்காலில் விழுந்தான். அவன் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் தோளுக்கடியில், எண்ணெய் தடவிய கூடாரத்துணி சுற்றி, இரண்டாவது இருந்தது. துணியைப் பிரித்தார்கள். எலும்புகள் கறுத்திருந்தன. சில இடங்களில் துணியையும் தோலையும் பிரிக்க முடியவில்லை. தலையில் கொஞ்சம் முடிகூட மிச்சமிருந்தது.

பொலிக்செனி அந்தக் கறுத்த தலையை இரண்டு கையாலும் எடுத்தாள். கட்டைவிரலைக் கீழ்ப்பல் வரிசையில் ஓட்டினாள். எட்டு வயதில் லாம்ப்ரோஸ் ஊற்றின் இரும்புக் குழாயில் வாய்வைத்துக் குடிக்கும்போது வழுக்கி, கீழ்ப்பல் ஒன்றைப் பாதியாக உடைத்துக்கொண்டான். அது எஃப்தாலியாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொலிக்செனியின் விரல் ஓரிடத்தில் நின்றது.

எஃப்தாலியா அவள் காதருகே போனாள். குழியின் அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"மதினி, அந்த வெளுத்தத எடு."

பொலிக்செனி கறுத்த தலையைக் கீழே வைக்கவில்லை.

"எடு மதினி. கோயில்ல பெட்டியத் திறந்து வைக்கணும். ஊரே வந்து முத்தம் குடுக்கும். இதப் பாத்தா என்ன சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? அண்ணன் அப்புறம் காப்பிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? ரெண்டும் எலும்புதான். கடவுளுக்குத் தெரியும் யாரு யாருன்னு."

பாதிரியார் தாடியைத் தடவினார். "இப்படி வந்தா மூடிட்டு இன்னும் மூணு வருசம் காத்திருக்குறது வழக்கம்மா. ஆனா இந்த இடத்த நிரவப் போறாங்களே..."

"துணிதான் சாமி காரணம்," என்றான் நாவும் அவசரமாக. "எண்ணெய்த் துணி. ஈரம் உள்ளயே நின்னுபோச்சு. அந்தத் தீவுப் பையனச் சுத்துறதுக்குத் துணியே இல்ல. நான்தான் சுத்தினேன், எனக்குத் தெரியாதா?"

"துணி இல்ல நாவும்," என்றான் ஸீஸிஸ். "வாக்கு."

அந்தச் சொல்லை அவன் வெளியே சொல்ல இத்தனை வருடம் ஆகியிருந்தது.

பொலிக்செனி குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "இதான் என் பிள்ள," என்றாள். சத்தம் போடவில்லை. "வெளுத்தது எவ பெத்ததோ. அவ பிள்ளைய எம்பிள்ளைன்னு கொண்டுபோய், எம்பிள்ளைய மதிலுக்கடியில போடவா? கறுத்திருந்தா என்ன? நானும் அவன் துக்கத்துக்குக் கறுப்புத்தான் கட்டியிருக்கேன். ரெண்டு பேரும் பொருத்தமா இருப்போம். ஏங்க, இறங்கி வாங்க. நீங்க கட்டினத நீங்கதான் அவுக்கணும்."

பாதிரியார் புரிந்துகொண்டார். சாபமிட்டவர் தன் கையால் உப்பைக் கரைத்து ஊற்றினால்தான் அது அவிழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "நாவும், உங்க வீட்ல கொஞ்சம் உப்பு இருக்குமா?"

"வேண்டாம் சாமி," என்றான் ஸீஸிஸ்.

இடுப்புப் பட்டைக்குள் கைவிட்டு ஒரு சிறிய துணி முடிச்சை எடுத்தான். துணி பழுப்பேறி, முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளே கல்லுப்பு. பட்டாளத்தில் இருந்தபோது செய்தி கேட்ட அன்றே முடிந்து வைத்தது என்று பிறகு சொன்னான். பஞ்சத்தில் ஒரு சிட்டிகை உப்புக்காக ஊர் தவித்தபோதும், எங்கள் வீட்டுக் கஞ்சி சப்பென்று இருந்தபோதும், அது அவன் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. பொலிக்செனி அந்த முடிச்சைப் பார்த்தாள். தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாவும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். ஸீஸிஸ் உப்பைப் போட்டு விரலால் கலக்கினான். அது கரைய நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு குழிக்குள் இறங்கி, அவள் கையிலிருந்த தலையின் மேல் மெதுவாக ஊற்றினான்.

"இந்த உப்பு கரைஞ்ச மாதிரி என் வாக்கு கரையட்டும். லாம்ப்ரோ, நான் திருப்பி எடுத்துக்கிட்டேன்டா. அன்னைக்கே எடுத்துக்கிட்டேன். நீ திரும்பிப் பாக்கல."

அதன்பிறகு இருவருமாக ஒயின் ஊற்றிக் கழுவினார்கள். எலும்பில் ஒட்டியிருந்த துணி நூல் ஒவ்வொன்றையும் ஸீஸிஸ் நகத்தால் எடுத்தான். கழுவியும் எலும்பு வெளுக்கவில்லை. ஒயினில் எலும்பு வெளுக்காது. வெள்ளைத் துணியில் வைத்துப் பெட்டியில் அடுக்கினார்கள்.

பிறகு பொலிக்செனி மறுபடி குழிக்குள் இறங்கி, வெளுத்த தலையை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"கொண்டுபோகத்தான், மூத்தாரே."

"எங்க? நம்ம எலும்பறைக்கா? அங்க நம்ம பேர்க்காரங்க மட்டும்தான் இருக்காங்க. எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான். உறவில்லாதவன அதுல வைக்க நான் விடமாட்டேன்."

"சம்பந்தின்னு கூப்பிட்டானாமே."

"அவன் டாக்டரையும்தான் கூப்பிட்டான்."

"டாக்டர் வரட்டும், அவருக்கும் இடம் குடுப்போம்." கழுவுவதை நிறுத்தாமலே சொன்னாள். "மூத்தாரே, நான் வர முடியாத பனியில எம்பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டில்ல இவன்தான் கெடந்தான். அதுக்கப்புறமும் இவன் தோளுக்கடியிலதான் எம்பிள்ள தூங்கினான். இவன மதிலோரம் போட்டுட்டுப் போனா, அவன் ஆத்தா எனக்கு இடுற சாபத்தக் கரைக்க இனி நான் எங்க போய் உப்பு வாங்க?"

நான் எந்த விவாதத்திலும் சும்மா விட்டவன் இல்லை. அன்று பாதிரியாரைப் பார்த்தேன். அவர் மாதுளைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி ஒன்றுதான் இருந்தது. நாவும் பள்ளிக்குள் போய், வகுப்பறையில் சுண்ணக்கட்டி வைக்கும் மரப்பெட்டியைக் கொண்டுவந்தான். அது சிறியதாக இருந்தது. எனவே எங்கள் பிள்ளையைச் சின்னப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, சைப்ரஸ் பெட்டியை விருந்தாளிக்குக் கொடுக்கச் சொன்னேன். விருந்தாளி என்று வந்துவிட்டால் நல்ல பாயை அவனுக்குப் போடுவதுதான் எங்கள் வீட்டு முறை. எலும்பறை வேறு, விருந்து வேறு. அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஞாயிறன்று கரித்யாக் கோயிலில் இரண்டு பெட்டிகளும் திறந்து இருந்தன. அவித்த கோதுமையில் மாதுளை முத்தும் அக்ரூட்டும் சர்க்கரையும் போட்டு இரண்டு தட்டு வைத்தோம். ஊரே வரிசையில் வந்தது. கறுத்த தலைக்கு முன்னால் வந்ததும் சிலர் தயங்கினார்கள். தயங்கியவர்கள் யாரென்று எனக்கு நினைவிருக்கிறது, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். ஸீஸிஸ் அந்தப் பெட்டியின் தலைமாட்டில் பூசைக்கு முதல் மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் போகும்வரை நின்றான். பள்ளித் தொப்பியிலிருந்த பித்தளை ஆந்தையைக் கழற்றி அவனே வெள்ளைத் துணியில் குத்தினான். யாருடையது எது என்று ஒருவரும் அவனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கிரீட்டிலிருந்து கடைசிவரை யாரும் வரவில்லை. அதனால் இரண்டு பெட்டிகளும் எங்கள் எலும்பறையிலேயே அடுத்தடுத்து இருக்கின்றன. பெயர் தெரியாததால் பாதிரியார் மன்றாட்டில், "லாம்ப்ரோஸ், அவனுடைய சம்பந்தி," என்று வாசித்தார். அவருக்குப் பின் வந்த பாதிரியாரும் அப்படியே வாசிக்கிறார். ஸீஸிஸ் நான்கு வருடம் கழித்து இறந்தான். அவனுடைய எலும்புகள் சுத்தமாக வந்தன. கஞ்சியில் உப்பு குறைவாகத் தின்றதாலாக இருக்கும் என்றாள் எஃப்தாலியா. பொலிக்செனி சிரித்தாள். அத்தனை வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போது அந்தத் தோட்டத்து ஆறு பேரில் நான் ஒருவன்தான் மிச்சம். எங்கள் குடும்பத்தின் மேல் உள்ள அன்பினால் ஊரில் சிலர் ஒன்று சொல்கிறார்கள். கறுத்திருந்தது அந்தத் தீவுப் பையனின் எலும்பு, லாம்ப்ரோஸின் எலும்பு மெழுகுபோல வந்தது, பொலிக்செனிதான் இரக்கப்பட்டு ஆந்தையை மாற்றிக் குத்தச் சொன்னாள் என்கிறார்கள். அது தவறு. வெளுத்திருந்தது விருந்தாளி. கறுத்திருந்தது எங்கள் பிள்ளை.